கடனைப் பேரில் எண்ணிப் பார்ப்போம்

வீட்டுக் கணக்கு என்று சொன்னாலே நமது லயங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். "வர்றதே பத்தல, இதுல எழுதி வைக்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குறைந்த சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் நடத்த எமக்கும் விருப்பமில்லை. சம்பளத்தை வைத்துக்கொண்டு மாதக் கடைசிவரை வீட்டை ஓட்டுகிற தாய்மாருக்கு அந்தப் பாடத்தை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே தேத்தண்ணியைக் குறையுங்கள், வெற்றிலையை நிறுத்துங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. பேசப் போவது கடனைப் பற்றி. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், கூட்டல் பெருக்கலுக்கு உதவும்.

கடன் கொடுப்பவர் எப்போதும் ரூபாயில் பேசுவார். "மாசம் ஆயிரம் ரூபா கட்டினாப் போதும்" என்பார். கேட்கும்போது அது பெரிதாகத் தெரியாது. நாம் அதே தொகையைப் பேரில் எண்ணிப் பார்ப்போம். பேர் என்றால் உங்களுக்குத் தெரியும்: காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, நிறை பறித்துக் கொடுத்த பிறகு செக்ரோலில் விழுகிற ஒரு நாள்.

ஒரு பேரில் உண்மையாகக் கையில் வருவது எவ்வளவு? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று ஆனது. அந்த 1350 ஐ வைத்துக் கணக்குப் போடுவோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய் போகும். மிச்சம் 1242. சந்தாவும் மற்றப் பிடிப்புகளும் போனால் ஏறக்குறைய 1200 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சம்பளச் சீட்டில் வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை ஒன்றுதான்.

முதலில் "நூத்துக்குப் பத்து". மகளின் சடங்குக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, ஒரு சாவு வீட்டுக்கோ அவசரமாக 10,000 ரூபாய் வாங்குகிறோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. மாதத்துக்கு 1000 ரூபாய், ஒரு பேருக்குச் சற்றுக் குறைவு. "ஒரு பேருதானே" என்று தோன்றும். பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டினால் கட்டியது 12,000. பத்துப் பேர் போய்விட்டது. இனி மீதி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 10,000. வாங்கின முதல் அப்படியே நிற்கிறது. இன்னும் ஆறு மாதம் போனால் பதினைந்து பேர். பதினைந்து நாள் அட்டைக் கடியிலும் மழையிலும் நின்றது வட்டிக்கு மட்டும், முதலில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. மாதம் நூற்றுக்குப் பத்து என்பது வருடத்துக்கு 120 வீதம். எந்த வங்கியும் அந்த விலையில் கடன் கொடுப்பதில்லை.

இந்தக் கடனில் ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வட்டியோடு சேர்த்து முதலிலும் 500, 1000 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று கொடுத்தவரிடம் பேசுங்கள். முதல் 5000 ஆகக் குறைந்தால் வட்டியும் 500 ஆகக் குறைய வேண்டும். "முழுசாத்தான் வாங்குவேன், அரைகுறையா வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். ஏன் சொல்கிறார்கள் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குத் தீபாவளி முற்பணத்தையோ குறைந்த வட்டிக் கடன் ஒன்றையோ கொண்டு ஒரேயடியாக முதலைக் கட்டி முடிப்பது நல்லது. கட்டும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் திகதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்த மனிதர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்த மனிதரோடுதான் பிற்பாடு சண்டை வரும்.

அடுத்தது கிழமைக் கடன். ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, கிழமைக்குக் கிழமை லயத்துக்கே வந்து வசூலிக்கிற கம்பனிக் கடன். 50,000 ரூபாய், 52 கிழமை, வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50,000க்கு 24 வீதம் 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு 1193 ரூபாய்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதல் கிழமை நம் கையில் 50,000 இருக்கிறது. ஆறு மாதம் போனதும் முதலில் பாதியைக் கட்டிவிட்டோம், நம்மிடம் இருப்பது அவர்களுடைய 25,000 தான். கடைசி மாதத்தில் சில ஆயிரங்கள்தான். ஆனால் வட்டி மட்டும் கடைசிக் கிழமைவரை முழு 50,000க்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துகொண்டு போகும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான விலை வருடத்துக்கு 44 வீதத்துக்குக் கிட்ட வரும். கையில் 50,000 கொடுக்கும்போதே காப்புறுதி, பத்திரச் செலவு என்று 2000 ஐக் கழித்துக்கொண்டால் அதற்கும் மேலே போகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "வட்டி எத்தனை வீதம்?" என்பதல்ல. "கையில எவ்வளவு தருவீங்க, மொத்தமா எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்ணும் பொய் சொல்லாது.

நேர்மையாகச் சொன்னால் இது நூற்றுக்குப் பத்தைவிட மலிவு. அங்கே 10,000க்கு வருடத்தில் 12,000 வட்டி, இங்கே 50,000க்கு அதே 12,000. பின் ஏன் கிழமைக் கடனால் இத்தனை வீடுகளில் கண்ணீர்? நாம் பார்த்த வரையில் வட்டியைவிடக் கிழமைதான் காரணம். நமக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. தவணையோ கிழமைக்குக் கிழமை. கிழமைக்கு ஒரு பேர், மாதத்துக்கு நாலு பேர், சில மாதத்தில் ஐந்து. இருபது பேர் விழுகிற மாதத்தில் அதைத் தாங்கலாம். மழை பெய்யாமல் கொழுந்து வற்றி, பாதி நாள் அரைப்பேர் விழுந்து, மாதத்தில் பன்னிரண்டு பேர் மட்டும் வந்தால்? தவணை அதே நாலு பேர்தான். சம்பளத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்க, வசூலிப்பவர் வாசலில் உட்கார்ந்திருக்க, குழுவில் மற்றப் பெண்கள் நம் முகத்தைப் பார்க்க, பக்கத்து லயத்தில் நூற்றுக்குப் பத்துக்குக் கைமாற்று வாங்குகிறோம். அல்லது இன்னொரு கம்பனியில் சேர்கிறோம். முதலாவது கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. அந்த மூன்றாவது கடனால் வீட்டுக்கு ஒரு கூரைத் தகரம்கூட வந்திருக்காது.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சென்ற வருடத்துச் சம்பளச் சீட்டுகளில் ஆகக் குறைந்த பேர் விழுந்த மாதத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மாதத்தில் இந்தத் தவணையைக் கட்டியிருக்க முடியுமா? முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது மாதத் தவணை உள்ள கடனைத் தேடுங்கள். குழுவில் சேரும் தாய்மார், கடன் வாங்கும் அக்கா தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், அவர் கட்டாவிட்டால் அவருடைய பங்கும் நம் தலையில் விழும் என்பதை அறிந்தே சேர வேண்டும்.

நகை அடகு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரச வங்கிகளில் வைப்பது நல்லது. நிறை, கரட், வட்டி, தவணைத் திகதி நான்கும் சீட்டில் எழுதியிருக்கும். 2022 இல் நாட்டில் பொருட்களின் விலை பறந்தபோது (செப்டம்பரில் மட்டும் முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது) கோதுமை மாவுக்கும் அரிசிக்குமே தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. போன நகை திரும்பாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மறந்துபோன திகதி. முழுப் பணமும் சேரட்டும் என்று காத்திருக்காமல், தவணை முடியுமுன் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பகுதிப் பணம் ஏற்பார்களா என்றும் கேளுங்கள். திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தால் ஏலக் கடிதம் வந்து திடுக்கிடத் தேவையில்லை.

நமது மக்களிடம் அடகு வைக்க நகையும், காட்டிக் கடன் வாங்கச் சம்பளமும் தவிர வேறொன்றும் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை என்பதுதான். இந்திய உதவியோடு கட்டிய தனி வீடுகள் வந்த பிறகு சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்தன. பரம்பரையில் முதல் தடவையாகக் கையில் வந்த காகிதம் அது. அதனாலேயே அதைத் தேடி ஆட்கள் வருவார்கள். காணியை வைத்துக் கடன் வாங்குவது ஈடு. ஈட்டு முறி எழுதினால் காணி நம்முடையதாகவே இருக்கும், கடன் முடிந்ததும் ஈடு நீங்கும். ஆனால் தனியாரில் சிலர் ஈட்டுக்குப் பதிலாக அறுதி உறுதி, அதாவது விற்றுவிட்டதாக எழுதும் உறுதி, எழுதித் தரச் சொல்வார்கள். "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான், காச குடுத்தா அடுத்த நாளே திருப்பி எழுதித் தர்றேன்" என்பார்கள். கையெழுத்து வைத்த அன்றே காணி அவர்களுடையதாகிவிடும். காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840 முதல் இந்த நாட்டுச் சட்டம். வாயால் கொடுத்த வாக்கை வைத்து வழக்கில் வெல்வது மிகக் கடினம். உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை பேனையைத் தொடாதீர்கள்.

சேமிப்புக்கு வருவோம். நமது வருமானம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. மேற்குப் பக்க மலைகளில் ஏப்ரல், மே மாதங்களில் மழையோடு கொழுந்து பொங்கும், கிலோவும் கூடும், கைக்காசும் கூடும். தை, மாசியில் வெயிலும் பனியும் கொழுந்தைக் குறைத்துவிடும். செலவோ தலைகீழாக வருகிறது. ஐப்பசியில் தீபாவளி. அதற்கு வாங்கின முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். தொடர்ந்து பொங்கல். ஜனவரி வந்தால் பாடசாலைச் சப்பாத்தும் கொப்பியும். வெட்டு, செலவு, கொழுந்துக் குறைவு மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நூற்றுக்குப் பத்துக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

அந்தக் காலத்துக்காகச் சேர்க்கத்தான் சித்திரையும் வைகாசியும். அந்த இரண்டு மூன்று மாதங்களில் மாதத்துக்கு இரண்டு பேர் காசை ஒதுக்கினால் 7000 ரூபாய்வரை சேரும். ஜனவரியில் இரண்டு பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. வீட்டில் வைத்தால் தங்காது என்பது நமக்குத் தெரியும். வங்கியில் பிள்ளை பெயரில் புத்தகம் போடலாம். லயத்துப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டும் நல்லதுதான்: பத்துப் பேர் மாதம் 1000 போட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை 10,000, வட்டி கிடையாது. நம்பிக்கையான ஆளா, முதலில் எடுத்தவர் கடைசிவரை போடுவாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முறையைக் கேட்டு வாங்குங்கள். தீபாவளி முற்பணத்துக்கும் வட்டி இல்லை. ஆனால் அதை முழுவதும் புடவைக்கும் வெடிக்கும் சாராயத்துக்கும் விட்டால், ஜனவரியில் வெட்டு மட்டும் மிஞ்சும். சாராயத்தைப் பற்றி ஆண்களிடம் ஒன்றே ஒன்று: கொழுந்து பறித்த கை எதுவோ, அந்தக் கைக்குச் சம்பளம் போய்ச் சேரட்டும்.

கடைசியாக, எல்லாரும் மறந்திருக்கும் ஒரு பெரிய சேமிப்பு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதத்தோடு தோட்டம் 12 வீதம் போடுகிறது. 1350 ரூபாய்ப் பேர் ஒன்றுக்கு 270 ரூபாய், இருபது பேர் விழுந்த மாதத்தில் 5400. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் போடும் 3 வீதம் இதற்கு மேலே. ஓய்வு பெறும்போது ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் சேமலாப நிதி கைக்கு வரும். அதற்கு முன்பே வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம்வரை எடுக்கும் வழி 2015 இல் திறக்கப்பட்டது. பத்து வருட சேவையும், கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருப்பவர்களுக்கு அது.

அந்தக் காசு பலருக்கு வருடக்கணக்காகத் தாமதமாவதற்குக் காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் கங்காணி கூப்பிட்ட பெயர். இதைச் சரிப்படுத்தித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகர்களும் உண்டு. ஓய்வு பெறும் வயதுவரை காத்திராமல், வேலை செய்யும்போதே அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயரோ இலக்கமோ ஒன்று மாறியிருந்தாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசில் கிளாக்கரையாவிடம் காட்டுங்கள். அவர் எழுதும் கடிதத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள்.