வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ரேம்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் நிறைய வீட்டுல 'கம்ப்யூட்டர்' என்றால் கடையில் வாங்கினது இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கினப்போ வந்த மாடல்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்னைக்கு அது தாராளம். இன்னைக்கு பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே மவுஸ் நின்னு நின்னு நகருது. உடனே "ரேம் போட்டா பறக்கும் தம்பி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

பறக்கலாம், பறக்காமலும் போகலாம். மரவள்ளி வித்த காசில் அப்பா எடுத்துத் தர்றது; வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்கி வந்து வாங்குறதுக்கே ஒரு நாள் போயிடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டில் பார்த்துவிடுங்க.

வழக்கமா செய்யும் வேலையை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? அப்போ ரேம் பத்தவில்லை. இடம் இல்லாததால் ஓஎஸ் பாதி விஷயத்தை டிஸ்க்குக்குத் தள்ளுது, தேவைப்படும்போது திரும்ப எடுக்குது. ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ செகண்ட். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி செகண்ட். ஒரு லட்சம் மடங்கு! ஆனா மெமரி பாதி காலியா இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ரேம் வாங்காதீங்க. அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி போடுங்க.

ரேம்தான் என்று முடிவானால், எந்த டிடிஆர் என்பது உங்க கையில் இல்லை, மதர்போர்டு கையில் இருக்கு. லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறும், அழுத்தினாலும் உட்காராது. டிடிஆர்3 லேப்டாப் என்றால் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்க. அது 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5 வோல்ட்டிலும் ஓடும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது இன்னும் நல்லது.

எவ்வளவு போடலாம்? 32 பிட் விண்டோஸ் இருந்தால் 2-இன் அடுக்கு 32, அதாவது 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. முதலில் 64 பிட்டுக்கு மாறணும். பிராசஸருக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, மாடல் நம்பரைத் தேடினால் கிடைக்கும். பிரவுசர், சி புரோகிராம், பிபிடி அளவுக்கு 8 ஜிபி போதும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்டுகிறவர்கள் 16 பார்க்கலாம்.

ஒரே 16-ஐ விட இரண்டு 8 வேகம். டிடிஆர்4 3200-இல் ஒரு சேனலுக்கு 3200 பெருக்கல் 8 பைட், வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனல் என்றால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத நம்ம மெஷின்களில் இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். காசு இப்போ ஒரு 8-க்குத்தான் இருக்கா? அதைப் போட்டுட்டு இன்னொரு ஸ்லாட்டைக் காலியா விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

மெகாஹெர்ட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2400 வரை தாங்கும் போர்டில் 3200 போட்டாலும் 2400-இல்தான் ஓடும். சிஎல்16 போட்ட 3200-ஐயும் சிஎல்18 போட்ட 3600-ஐயும் கணக்குப் போட்டுப் பாருங்க, இரண்டுக்கும் தாமதம் அதே 10 நானோ செகண்ட். கலர் லைட் எரியும் ரேம் பத்தி பேசவே வேண்டாம்.

2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் விலை எகிறிப்போச்சு. குரூஷியல் பெயரில் வீட்டு உபயோக ரேம் விற்ற மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. ஆனா திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் டைம் என்று கேட்டு வாங்கி, அன்னைக்கு ராத்திரியே மெம்டெஸ்ட்86 ஓடவிடுங்க. லேப்டாப்பாக இருந்தாலும் சார்ஜரில் போட்டே ஓட்டுங்க. நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் மறுநாள் கடைக்கு.