சிறுவர்க்குத் தேனீப் பாடம்: பரங்கிக் கொடியும் புளியங்கொட்டையும்

பரங்கிக் கொடி செழித்துப் படர்ந்து பூவும் நிறையப் பூத்திருக்க, பிஞ்சுகள் மாத்திரம் மஞ்சளித்து உதிர்வதைக் காணும் குடியானவர்கள், அதனை உரக்குறை என்றோ நீர்க்குறை என்றோ கருதுவது வழக்கம். அவையும் காரணமாகலாம். ஆயினும் பூக்களுக்கு வரவேண்டிய தேனீக்கள் வாராமையே பல தோட்டங்களில் உண்மைக் காரணமாக உள்ளது. இதனைப் பெரியோருக்குச் சொல்லி விளக்குவதைவிட, ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குத் தோட்டத்திலேயே செய்து காட்டுவது எளிது. பிள்ளைகள் கண்டறிந்ததைத் தகப்பன்மாரும் மெல்லக் கவனிக்கத் தொடங்குவர்.

பாடத்திற்குப் பரங்கியே மிக ஏற்றது. அதன் பூ பெரியது; ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூப்பன. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒன்று உருண்டு நிற்கும். ஆண்பூவின் அடியில் வெறுங் காம்பே இருக்கும். முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்களாதலால் அவற்றை மலட்டுப் பூ என்று பறித்தெறிவோரும் உளர். இரண்டையும் பறித்துக் கையில் கொடுத்தால் வேற்றுமையைச் சிறுவர் தாமே கண்டு கூறுவர்.

மறுநாள் விரியவிருக்கும் பெண்மொக்குகளில் ஒன்பதினை மாலையில் தேர்ந்து, மூன்று மூன்றாகப் பிரித்து வெவ்வேறு நிற நூல் கட்டவேண்டும். முதல் மூன்றை மெல்லிய துணிப்பையால் மூடி அப்படியே விட்டுவிடவேண்டும். அடுத்த மூன்றையும் மூடி, காலையில் பையை நீக்கி, அன்று விரிந்த ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவி, உடனே மீண்டும் மூடவேண்டும். கடைசி மூன்றைத் தேனீக்களுக்கென்று திறந்தே வைக்கவேண்டும். பரங்கிப்பூ விடியற்காலையில் விரிந்து உச்சிப்பொழுதுக்கு முன்பே சுருங்கிவிடுவதால், இவ்வேலையைப் பள்ளி தொடங்குமுன் முடித்தல் அவசியம். சில தினங்களில் முதல் மூன்று பிஞ்சுகளும் வெளுத்து உதிரும், மற்றவை பருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரே பூவை வைத்துச் சோதிப்பது தவறு. ஒரு பிஞ்சு வேறு காரணத்தாலும் உதிரக்கூடும் அல்லவா? திறந்த பூவிலும் மகரந்தம் போதிய அளவு சேராவிடில் காய் கோணலாக வளரும். அத்தகைய காய் ஒன்று கிடைத்தால் அதனையும் எடுத்துவைத்துக் காட்டலாம்.

இரண்டாவது வேலை எண்ணுதல். சிறுவன் ஒருவனை ஒரு பூவின் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி அமரச் செய்து, சில கொட்டாங்கச்சிகளையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் கொடுக்கவேண்டும். தேனீ வந்தால் ஒரு கொட்டாங்கச்சியிலும், கருவண்டு வந்தால் வேறொன்றிலும், பிற பூச்சி வந்தால் மூன்றாவதிலும் ஒரு கொட்டையை இடவேண்டும். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம் எண்ணினால் போதும். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதற்கு முன்னாளும் பின்னாளும் எண்ணிய கொட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிவைத்தால், அந்தக் கணக்கைக் காண எழுத்தறிவுகூட வேண்டுவதில்லை.

கத்தரிப்பூவின் பாடம் வேறு. அதன் மகரந்தப் பைகள் நுனியில் சிறு துளை மட்டும் உடையவை. கருவண்டு முதலிய சில ஈக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்ய, தூள் அத்துளை வழியே கொட்டுகின்றது. அடுக்குத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. பாடசாலையில் இசைக்கவை இருந்தால், அதனைத் தட்டிப் பூவின்மேல் மெல்லத் தொட்டு, கீழே கரிய சிலேட்டைப் பிடிக்கவேண்டும். வெண்மஞ்சள் தூள் விழுவதைக் காணும் பிள்ளைகள் மறுமுறையும் செய்யும்படி கேட்பது நிச்சயம். கருவண்டு பட்டமரத்தைத் துளைத்து வாழ்வது. வேலியோரத்துப் பட்ட கிளைகளையெல்லாம் விறகாக்கிவிட்டால் அது தங்க இடமேது?

கொட்டும் என்ற அச்சம் இப்பாடத்திற்குப் பெருந்தடை. மலைத்தேனீக் கூட்டின் அருகே சிறுவரை எக்காரணத்தாலும் அழைத்துச் செல்லலாகாது. கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுக்கவேண்டும். முகம் வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கொட்டாத கொசுத்தேனீயை மண்பானையிலோ மூங்கில் குழாயிலோ வளர்க்கலாம். பள்ளிக்கு அதுவே தக்கது. நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டியைத் திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் அமைத்துக் கிராமத்தாரைப் பழக்கியது 1911-க்கும் 1917-க்கும் இடைப்பட்ட காலத்தில். அவ்வழியே பெருகிய தேனீக் கூட்டங்களில் மிகப் பல, 1991-ல் பரவத் தொடங்கிய புழுநோயால் தென்னாட்டில் அழிந்துபோயின. எஞ்சியவற்றின் வழிவந்த கூடுகளைத் தீப்பந்தம் வைத்துக் கொளுத்தும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் தடுத்து, பழகியவர்களைக்கொண்டு வேறிடத்திற்கு மாற்றச் செய்வது நன்று.

துவரை, ரோஜா இலைகளில் வட்டமாக வெட்டப்பட்ட துண்டுகளைக் கண்டால், புழுவென்று எண்ணி மருந்தடிப்பவர் உண்டு. அது இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துப் போனதாக இருக்கலாம். கணுவை ஒருபுறம் விட்டு அறுத்த மெல்லிய மூங்கில் குழாய்களைக் கட்டாகக் கட்டி, மழை படாத இறவாணத்தில் தொங்கவிட்டால், குழாய்வாயை இலைத்துண்டுகளால் அது அடைப்பதைச் சிறுவர் பார்க்கலாம்.

மருந்து தெளிக்கும் நேரத்தையும் பிள்ளைகளின் கணக்கைக்கொண்டே வகுத்துக்கொள்ளலாம். பூச்சியின் சேதத்தை நேரில் கண்டாலன்றித் தெளிக்கவே கூடாது. தெளிக்க நேர்ந்தால், பரங்கிக்குப் பூ சுருங்கிய பின் மாலையே ஏற்ற காலம். புடலைக்கும் பீர்க்குக்கும் இது பொருந்தாது. பீர்க்கம்பூ மாலையில் விரிவது. புடலம்பூ இரவில் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைப்பது. பெரியவர் ஒருவர் துணையுடன் அந்தி சாய்ந்தபின் விளக்கோடு புடலம்பந்தலின் கீழ் அரைமணி நேரம் நின்றால், சிறுவர்கள் அவற்றையும் புளியங்கொட்டையால் எண்ணிவிடுவர்.