துள்ளும் நாயை வீட்டுக்கு எடுக்கும் முன்



எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணைக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறாள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகும் வழியில் அவள் வீட்டுக்கும் போனோம். வளவுக்குள் ஒரு வயது நாயொன்று பனைமரத்தில் கட்டையான கயிற்றில் கட்டுண்டு குரைத்தபடி நின்றது.

“பாவம்னு காப்பகத்திலிருந்து எடுத்தோம் ஐயா. இப்ப ஊரே ஏசுது” என்றாள். அவிழ்த்து விட்டால் அயல் வீட்டு ஆடுகளைத் துரத்துகிறதாம். “பிள்ளை, இன்னொருக்கா என்ரை ஆட்டைத் துரத்தினா உந்த நாயைக் கொண்டுபோய்த் துறையடியில விட்டிட்டு வா” என்று அயல் வீட்டு அம்மா சொல்லிவிட்டார். அவர் கோபமும் நியாயமே. தீவகத்தில் ஆடுதான் பல குடும்பங்களுக்குக் கைக்காசு.

இலங்கையில் 2006ம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்லாமல், தடுப்பூசியாலும் கருத்தடையாலும் கட்டுப்படுத்துவதே அரசின் கொள்கை. கைவிடப்பட்ட நாய்களுக்காக இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயம் அமைத்தது. ஆனாலும் ஒரு நாய்க்குக் காப்பகத்தைவிட வீடே நல்லது. எடுத்த நாயைத் திரும்பத் தெருவில் விடுவதுதான் பெரிய பாவம். ஆகவே முன்கூட்டியே யோசிக்க வேண்டியவை சில:

1. எடுக்கும் முன் கேளுங்கள். காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்ல வீட்டில் யார் இருக்கிறார்? ஆடு, கோழி உண்டா? லயத்தில் இருப்பவர்கள் அடுத்த காம்பராக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நேரமில்லாத வீட்டுக்கு வயது போன, அமைதியான நாயே பொருத்தம்.

2. ஓட விடுங்கள். இளம் நாயின் துள்ளல் கெட்ட குணம் அல்ல, செலவாகாத பலம். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்தால் மனிசனுக்கே விசர் பிடிக்கும். வெயில் ஏறுமுன் அரை மணி, பொழுது சாய்ந்தபின் அரை மணி, நீளக் கயிற்றில் நடத்துங்கள். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

3. அடிக்காமல் பழக்குங்கள். ஆட்டைத் தூரத்தில் காட்டுங்கள். ஆட்டை விட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த உடனே முள் நீக்கிய மீன் துண்டொன்று கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டப் போகலாம். அதுவரை கயிற்றை விடவே கூடாது.

4. ஊசியும் சத்திரசிகிச்சையும். விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய் சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். கருத்தடை செய்யாவிட்டால் அந்தக் குட்டிகளும் தெருவுக்கே போகும்.

5. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். விசர்நோயின் அறிகுறி கண்டபின் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நெடுந்தீவில் இருந்து குறிகாட்டுவானுக்குப் படகிலேயே ஒரு மணித்தியாலம் ஆகும். இப்படியான ஊர்களில் நாய்க்கு முன்கூட்டியே ஊசி போடுவது இன்னும் முக்கியம்.

இவற்றைத்தான் அந்தப் பிள்ளைக்கும் சொல்லி வந்தோம். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். “ஆட்டைக் கண்டா இப்ப என் முகத்தைப் பார்க்குது ஐயா. கோழியிலதான் இன்னும் நம்ப ஏலாது” என்றாள். அயல் வீட்டு அம்மாவும் இப்போது மீன்தலை கொடுத்து விடுகிறாராம்.

பாவம் பார்ப்பது ஒரு நாள் வேலை. பழக்குவது பல மாத வேலை. இரண்டுக்கும் மனம் இருந்தால் நாயை எடுங்கள்.