டர்போவைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள தம்பி,

உன் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டிக்கு நீயே டர்போ பொருத்தப் போவதாக எழுதியிருந்தாய். 1990ஆம் ஆண்டு 1.6 லிட்டர் வண்டி, கொஞ்சம் சேமிப்பு, வீட்டோடு ஒரு கராஜ், வார இறுதிகள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். ஆனால் வாங்க வேண்டியவை என்று நீ எழுதிய பட்டியலில் டர்போ முதல் வரியில் இருக்கிறது. பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஆளும் கம்ப்யூட்டர் கடைசி வரியில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு இருக்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் கட்டுப்பாடு, பிறகு எரிபொருள், பிறகு குளிர்ச்சி, எல்லாவற்றுக்கும் பிறகு டர்போ. ஏன் என்று காரணத்தோடு சொல்கிறேன். சரியாகப் படாவிட்டால் மறுத்து எழுது.

டர்போ செய்வது ஒரே வேலைதான். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அதன்மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கொடுத்தால் எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் மூச்சு வாங்குகிறது. உன் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 116 குதிரைத்திறன் கொடுத்தது. 7 பி.எஸ்.ஐ.யில் 160, 170 வரை போகலாம் என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அமுக்கிய காற்று சுடும். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, கம்ப்ரஸர் எழுபது சதவீதத் திறனோடு வேலை செய்தாலும், 80 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் அந்தச் சூடு அப்படியே சிலிண்டருக்குள் போகும்.

அங்கேதான் நாக்கிங் பிறக்கிறது. ஸ்பார்க் பற்றவைத்த தீ பிளக்கிலிருந்து சிலிண்டர் முழுவதும் சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை, சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். சாதாரண எஞ்சினில் மேடேறும்போது லேசாகச் சத்தம் கேட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தித் தப்பித்துக்கொள்ளலாம். பூஸ்ட் ஏறிய நிலையில் அவ்வளவு அவகாசம் கிடையாது. ரிங்குகளுக்கு இடையிலுள்ள பிஸ்டன் பகுதி உடையும், கேஸ்கெட் போகும், சில நொடிகளில் எஞ்சின் முடிந்துவிடும். தடுக்க மூன்று வழிகள் உண்டு: கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது, காற்றைக் குளிர்விப்பது. முதல் இரண்டும் கம்ப்யூட்டரின் வேலை.

உன் வண்டியின் பழைய கம்ப்யூட்டரால் அந்த இரண்டையும் செய்ய முடியாது. அது காற்றை அளப்பது வாயிலில் ஆடும் ஒரு தகட்டை வைத்து. தகடு முழுக்கத் திறந்தபின் எவ்வளவு காற்று கூடுதலாகப் போனாலும் அதற்குத் தெரியாது. மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுவதும் தெரியாது. நாக்கிங்கைக் கேட்கும் சென்சார் அந்த எஞ்சினில் கிடையாது. காற்று அதிகமாகும்போது எந்த அளவுக்கு ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுப்பது என்ற கணக்கும் அதனிடம் இல்லை. ஒவ்வொரு பி.எஸ்.ஐ. பூஸ்ட்டுக்கும் சுமார் ஒரு டிகிரி தாமதம் என்று தொடக்கக் கணக்காகப் பலர் வைப்பார்கள். அதை நீ எழுதிக்கொடுக்க அந்தப் பெட்டியில் இடமே இல்லை. ஆகவே அழுத்தத்தை நேரடியாக அளக்கிற, நீயே எண்களை மாற்றக்கூடிய தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் உருவாக்கிய மெகாஸ்கிவர்ட் போன்றவை உன்னைப் போல் சொந்தமாகச் செய்பவர்களுக்காகவே வந்தவை. கூடவே ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வாங்கு. கலவை 14.7க்கு ஒன்றா, 12க்கு ஒன்றா என்று எண்ணாகச் சொல்வது அதுதான். வண்டியோடு வந்த பழைய சென்சாருக்கு 14.7இன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டுமே தெரியும். பூஸ்ட்டில் பெட்ரோல் போதவில்லை என்பதை அது காட்டித்தராது.

இப்போது நான் சொல்லும் வரிசையின் பலன் புரியும். கம்ப்யூட்டரையும் வைட்பேண்டையும் பெரிய இன்ஜெக்டர்களையும் முதலில் போட்டு, டர்போ இல்லாமலே சில மாதங்கள் ஓட்டு. குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஐடிலில் நிற்பது, மெதுவாகப் போவது, முழு ஆக்ஸிலரேட்டரில் இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சரிசெய். இந்தக் கட்டத்தில் உன் கணக்கு தப்பினால் வண்டி தடுமாறும், கறும்புகை விடும், நின்றுபோகும்; பெரும்பாலும் அவ்வளவுதான். அதே தப்பு பூஸ்ட்டில் நடந்தால் பிஸ்டன் போகும். கற்றுக்கொள்ளும் காலத்தின் தப்புகளை மலிவாகச் செய்துவிடுவதுதான் இந்த வரிசையின் முழு நோக்கம். இந்த உழைப்பு வீணாகவும் போகாது. டர்போ போட்ட பிறகும் சாலையில் பெரும்பாலான நேரம் எஞ்சின் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில்தான் ஓடும். நீ முன்பே எழுதிய எண்களைக் கொஞ்சம் திருத்தினால் அங்கே போதும். புதிதாக எழுத வேண்டியது பூஸ்ட் பகுதி மட்டும்.

இன்ஜெக்டர் அளவை அடுத்தவர் சொல்லை நம்பி வாங்காதே, கணக்குப் போடு. டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வை. 170 குதிரைத்திறனுக்கு மணிக்கு 102 பவுண்டு, அதாவது சுமார் 46 கிலோ. லிட்டரில் 62. நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சி.சி., நான்காகப் பிரித்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 260. இன்ஜெக்டர் எண்பது சதவீத நேரத்துக்குமேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால் 325 சி.சி. தேவை. உன் வண்டியில் இருப்பவை 200க்குச் சற்றுமேல்தான். பூஸ்ட் ஏறும் நேரத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்டாலும் அவற்றால் கொடுக்க முடியாது.

கம்ப்யூட்டர் இல்லாமலே 1990களில் எத்தனையோ பேர் டர்போ ஓட்டினார்களே என்று நீ கேட்கலாம். ஓட்டினார்கள். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டரைப் போட்டு, ஐந்தாறு பி.எஸ்.ஐ.யில் நன்றாகவே ஓட்டினார்கள். ஆனால் இன்ஜெக்டரில் பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். பெட்ரோலை இருமடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மூன்று பாரில் வேலை செய்யும் பழைய பம்பும் ஹோஸும் பன்னிரண்டு பாரைத் தாங்காது. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த அதற்கென்று தனிப் பெட்டி வேறு வேண்டும். மலிவான தனிக் கம்ப்யூட்டர் கைக்குக் கிடைக்காத காலத்தின் புத்திசாலித்தனமான தீர்வு அது. இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: கம்ப்ரஷன் குறைந்த பிஸ்டன்களைப் போடாமல் டர்போவைத் தொடவே கூடாது என்பார்கள். உன் எஞ்சினின் கம்ப்ரஷன் 9.4க்கு ஒன்று. மாஸ்டாவே 2004இல் விற்ற மாஸ்டாஸ்பீட் எம்.எக்ஸ்-5 டர்போவில் 9.5க்கு ஒன்று வைத்திருந்தது. 178 குதிரைத்திறன், இன்டர்கூலர், வலுவான கிளட்ச், ஆறு கியர். டர்போ இல்லாத அதே காலத்து வண்டியைவிட 36தான் அதிகம். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பி.பி.ஆர். நிறுவனம் உன் 1.6 எஞ்சினுக்கே செய்த டர்போவில் சுமார் 150தான். சோதனைக்கூடமும் பொறியாளர்களும் வாரண்டிப் பொறுப்பும் இருந்தவர்கள் இந்த எண்களில் நின்றார்கள் என்பதை யோசி. முதல் முயற்சியில் 170ஐத் தாண்ட ஆசைப்படாதே. அந்த அளவுக்குள் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. பிரித்தால் அது வேறொரு திட்டம், வேறொரு செலவு, முடியாமல் கராஜில் கிடக்கும் வண்டிகளுக்கு முக்கியக் காரணமும் அதுவே.

அந்த எல்லையைத் தாண்டினால் முதலில் வளைவது கனெக்டிங் ராடு. அதை வளைப்பது குதிரைத்திறனைவிட டார்க் என்பதை மனதில் வை. 3,000 சுற்றிலேயே முழு பூஸ்ட் கொடுக்கும் சின்ன டர்போ, குறைந்த வேகத்தில் சிலிண்டர் அழுத்தத்தை ஏற்றி ராடை அதிகம் சோதிக்கும். 1.6 வண்டியின் பின் டிஃபரன்ஷியலும் சிறியது, 1994இல் 1.8 எஞ்சினோடு வந்தது அதைவிட உறுதியானது. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் எத்தனை பி.எஸ்.ஐ.யோ அதற்குக் கீழே பூஸ்ட்டை இறக்க முடியாது என்பதால், டர்போ வாங்கும் நாளில் மெல்லிய ஸ்பிரிங் கேட்டு வாங்கு.

குளிர்ச்சியைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வண்டிக்கே உரிய ஒரு குறை உண்டு. இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கரம் இழுக்கும் 323 காருக்காகக் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. அதை நீளவாட்டில் திருப்பி எம்.எக்ஸ்-5இல் வைத்தபோது, தண்ணீர் வெளியேறும் வழியும் தெர்மோஸ்டாட்டும் முன்பக்கத்துக்கு வந்தன. தண்ணீர் உள்ளே வருவதும் முன்னால், போவதும் முன்னால் என்றாகி, பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைந்தது. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். டர்போவின் சூட்டில் முதலில் நாக்கிங் வருவது பெரும்பாலும் அந்தச் சிலிண்டரில்தான். வெளியேறும் வழியைத் தலையின் பின்பக்கத்துக்கு மாற்றுவது கடினமல்ல. பெரிய ரேடியேட்டரோடு சேர்த்து அதை டர்போவுக்கு முன்பே செய்துவிடு. ஆயில் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. லட்சம் சுற்றுக்குமேல் ஓடும் தண்டைத் தடவி வரும் ஆயில், பொங்கிய பால் போல நுரைத்து இறங்கும். அதைத் தள்ள அழுத்தம் இருக்காது, தன் எடையால்தான் வடிய வேண்டும். திரும்பும் குழாய் அகலமாக, மேடுபள்ளம் இல்லாமல் சரிவாக, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இது சரியில்லாமல் புகைவிடும் டர்போவைக் கெட்டுப்போனது என்று நினைத்து மாற்றுபவர்கள் பலர்.

சட்டத்தையும் முன்பே பார். உதாரணமாக, கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெரும்பாலான பெட்ரோல் கார்கள் புகைச் சோதனைக்கு உட்பட்டவை. புகையைப் பாதிக்கும் எந்த உதிரிபாகத்துக்கும் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். சொந்தமாகக் கோர்த்த டர்போவுக்கு அது இருக்காது. அங்கே கிடைக்கும் உயர்ந்த பெட்ரோல் பொதுவாக 91 ஆக்டேன்தான், நாக்கிங் எல்லையும் அதற்கேற்பக் குறையும். நீ இருக்கும் மாநிலத்தின் விதியை எழுத்தில் படித்துவிட்டு, இது சாலைக்கான வண்டியா, ரேஸ் டிராக்குக்கான வண்டியா என்று முடிவெடு. முடிவு மாறினால் பாகங்களும் மாறும்.

ஆகவே இந்த வாரம் எதையும் வாங்காதே. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் டெஸ்ட் எடு. ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றைவிட வெகுவாகக் குறைந்து நின்றால், முதலில் அந்த எஞ்சினுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும், டர்போ காத்திருக்கட்டும். 1990 வண்டி என்பதால் கிராங்க் முனையில் புல்லி ஆடுகிறதா என்றும் பார், அந்த ஆண்டு எஞ்சின்களில் அறியப்பட்ட பலவீனம் அது. நான்கு எண்களையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்