கோடியக்கரைக் கொள்ளிவாய்: பேய்ப்பயம் நீங்கும் பாடம்

அய்யா உண்டு.



இந்தப் பாடம் பேயைப் பற்றியது. அதைவிடப் பேய்ப்பயத்தைப் பற்றியது. பேயால் கெட்ட குடும்பம் எது என்று கேட்டால் கதைதான் கிடைக்கும். பேய்ப்பயத்தால் கெட்ட குடும்பம் எது என்று கேட்டால், ஒவ்வோர் ஊரிலும் வீட்டையே காட்டுவார்கள். நகையை அடகு வைத்து மந்திரவாதிக்குக் கொடுத்த வீடு, மருத்துவம் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு வேப்பிலை அடித்த வீடு, நல்ல பெண்ணைப் "பேய் பிடித்தவள்" என்று மூலையில் உட்காரவைத்த வீடு என்று வரிசை நீளும். ஆகவே இதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது.

சதுப்பில் எரியும் தீ

சோழநாட்டுக் கடற்கரை தெற்கு நோக்கி வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. நடுவே பாலை மரங்கள் அடர்ந்த காடு, உப்பளம், மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்பு நிலம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேதுக் கடலில் நீராட வரும் கூட்டம் போய்விட்டால், ஊர் அமைதியாகிவிடும்.

இந்தச் சதுப்பைப் பற்றித்தான் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை வழங்குகிறது. இருட்டில் சேற்றுக்கு மேல் திடீரென்று தீ எழும். உடனே அணையும். சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் எழும். கிட்டப் போனால் விலகும், விலகினால் அழைப்பதுபோல் ஆடும். அதைப் பின்தொடர்ந்தவன் சேற்றில் புதைந்து போவான் என்பார்கள். எரியும் விறகுக்கட்டை கொள்ளி. வாயைத் திறக்கும்போது கொள்ளியைப்போல் எரிவதால் கொள்ளிவாய் என்று பெயர் வந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலில் இந்தச் சதுப்பையும் இந்தத் தீயையும் காட்டியதால், கோடியக்கரையைப் பார்க்காதவர்களும் அதன் கொள்ளிவாயை அறிவார்கள். அந்தக் கதையிலும் வந்தியத்தேவன் இருட்டில் ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் சிக்குகிறான். பேய் எதுவும் வந்து அவனை இழுக்கவில்லை. வழி தெரியாமல் ஓடிய கால்தான் அவனைச் சிக்கவைத்தது. கைகொடுத்துக் காப்பாற்றியவள் அந்தச் சதுப்பின் வழி அறிந்த பூங்குழலி.

அந்தத் தீ எது?

சதுப்பில் இலையும் தழையும் புல்லும் விழுந்து நீருக்கடியில் அழுகும். அங்கே காற்று எட்டாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பை எரிப்பதும் இதே வாயுதான். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சேற்றிலிருந்து குமிழியாக மேலே வந்து காற்றோடு கலந்தால் எரியும் தன்மை உடையது.

யாரும் பற்றவைக்காமல் அது எப்படி எரிகிறது? அழுகும் பொருள்களிலிருந்து பாஸ்பரஸ் கலந்த வாயுவும் சிறிதளவு வரலாம், அது காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும், அந்தப் பொறி மீத்தேனையும் பற்றவைக்கும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். நீர்க்குமிழிகளுக்கு இடையே எழும் மிகச் சிறிய மின்பொறிகளே காரணம் என்று அண்மை ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். கிட்டப் போனால் விலகுவது ஏன்? நடப்பவரின் அசைவில் காற்றுக் கலைந்து, மெல்லிய வாயுவும் கலைந்துவிடும். சேறு அசைந்தால் குமிழி வேறோர் இடத்தில் எழும்.

இத்தாலி நாட்டில் அலெசாண்ட்ரோ வோல்டா என்ற அறிஞர் 1776ஆம் ஆண்டு மஜோரே ஏரியின் சதுப்புக் கரையில் கைத்தடியால் சேற்றைக் கிளறினார். எழுந்த குமிழிகளைப் பாத்திரத்தில் பிடித்துத் தீ காட்டினார். அது எரிந்தது. மின்சாரத்தை அளக்கும் 'வோல்ட்' அவர் பெயரால் வந்ததுதான். எத்தனையோ தலைமுறை அஞ்சி விலகிய இடத்தில் ஒருவர் குனிந்து பார்த்தார். அஞ்சியவர்களுக்குப் பேயாகத் தெரிந்ததிலிருந்து அவருக்கு ஒரு வாயு கிடைத்தது.

கோடியக்கரைக்கு மட்டும் உரிய பேயும் அன்று இது. வங்காளத்துச் சதுப்புகளில் இதை 'ஆலேயா' என்கிறார்கள். மீனவரை வழிதவறச் செய்யும் ஆவி என்று அங்கே கதை. குஜராத்தின் கட்ச் பகுதியில், பன்னிப் புல்வெளியில் தெரியும் வெளிச்சத்துக்குச் 'சீர் பத்தி' என்று பெயர். ஆங்கில நாட்டிலும் சதுப்புத் தீயைப் பற்றி இதேபோன்ற கதைகள் உண்டு. மொழி வேறு, சாதி வேறு, சமயம் வேறு. நிலமோ ஈர நிலம். சதுப்பை விட்டு மேட்டுக்கு ஏறினால் அந்தப் பேயும் கூட ஏறி வருவதில்லை. இது ஒன்றே அது எதனுடைய பிள்ளை என்று காட்டிக்கொடுக்கிறது.

காட்டின் ஓசைகள்

தீ மட்டும் அல்ல, ஓசையும் அச்சம் தரும். கோடிக் குழகர் கோயிலில் சுந்தரர் பாடிய பதிகம் ஒன்று உண்டு. கடற்காற்று வீசும் இந்தக் கரையில், துணை யாரும் இல்லாமல் இறைவன் ஏன் தனியே இருக்கிறான் என்று அவர் மனம் வருந்திக் கேட்கிறார். பொந்தில் ஆந்தைகள் கூட, கூகைகள் குழறும் ஓசையில் அம்மை அஞ்சுவாளே என்றும் பாடுகிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தக் காட்டில் ஆந்தை அலறிக்கொண்டுதான் இருக்கிறது. அடியார் அதை ஆந்தை என்றே சொன்னார், பேய் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் காடு 1967ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. வெளிமான்கள், நரிகள், காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகள், பருவந்தோறும் வரும் பூநாரைகள் எல்லாம் இங்கே உண்டு. இருட்டில் கைவிளக்கு அடித்தால் நரியின் கண் நெருப்புத் துண்டுபோல் மின்னும். அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதே காரணம். ஆள் இல்லாத காட்டில் குளம்பொலி கேட்டால், குதிரையில் வரும் காவல் தெய்வம் என்று நினைப்பவர் இருக்கலாம். காட்டுக் குதிரை என்று அறிந்தவர் வழிவிட்டு நடப்பார். சில இரவுகளில் கடல் அலை நீலமாக ஒளிர்வதும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் வேலை.

உடம்பில் ஏறும் பேய்

வெளியே தெரியும் பேயைவிட, உடம்பில் ஏறியதாகச் சொல்லப்படும் பேய்தான் அதிகக் கேடு செய்தது.

தூங்கும்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கும் 'அமுக்குவான் பேய்' பலருக்கும் தெரியும். கண் விழித்திருக்கும், கைகால் அசையாது, கத்த வாய் வராது. கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடப்பது இயற்கை. சில நேரம் மனம் முன்னே விழித்துவிடும், உடம்பு பின்னே விழிக்கும். அந்த இடைவெளிதான் அமுக்குவான். சில நொடிகளில், மிஞ்சிப் போனால் சில நிமிடங்களில் தானே விலகும். தூக்கம் கெட்டவர்க்கும் மனக்கவலை உள்ளவர்க்கும் இது அதிகம் வரும்.

வலிப்பு வந்து விழுந்தவரைப் பேய் தள்ளியது என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது, வலிப்பு தானாக நிற்கும். செய்ய வேண்டியது வேறு. சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். முறையாக மருந்து சாப்பிட்டால் வலிப்பு நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர் வலிப்பின்றி வாழ முடியும்.

மனநோய்க்கும் இதே கதைதான். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் எரிந்து மாண்டார்கள். தீய ஆவி விலகும், குணமாகும் என்று நம்பி உற்றார் கொண்டுவந்து விட்டுச்சென்ற உயிர்கள் அவை. கோடியக்கரைத் தீ யாரையும் சுட்டதாகக் கணக்கில்லை. பேய்ப்பயம் பூட்டிய சங்கிலி ஒரே நாளில் 28 பேரைக் கொன்றது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. மனம் கலங்கியவர்க்கு ஆலோசனை தர 14416 என்ற இலவச அரசுத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அய்யா காட்டிய வழி

அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்தில் தென்திருவிதாங்கூரில் ஏழைகளின் வாழ்வைப் பேய்ப்பயம் பிடித்திருந்தது. நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் பேய்க்குப் பலி கேட்டார்கள். வரிக்குப் போக மிஞ்சிய காசு ஆட்டுக்கும் கோழிக்கும் சாராயத்துக்கும் போனது. கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிவந்த அய்யா, பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றார். பேய்கள் அய்யாவின் முன் வந்து, தங்கள் வரங்களை ஒப்படைத்து, எரிந்துபோன வரலாற்றை அகிலத்திரட்டு அம்மானை விரிவாகச் சொல்கிறது. மந்திர தந்திரங்களின் வலிமையும் அடக்கப்பட்டதைத் திருஏடு வாசிப்பில் ஆண்டுதோறும் மக்கள் கேட்கிறார்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி. எரிந்துபோனதற்கு இன்னும் ஏன் பலி? ஏட்டைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கழுத்தில் தாயத்துக் கட்டினால், கேட்டது காதோடு நின்றது என்றுதானே பொருள்?

சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யாவைப் பசித்த புலிக்கு முன் நிறுத்தினார்கள். புலி உண்மையானது, அதன் பல்லும் உண்மையானது. அய்யா அஞ்சவில்லை. உண்மைப் புலிக்கு அஞ்சாதவரின் மக்கள், இல்லாத பேய்க்கு அஞ்சலாமா? பதியிலும் நிழல்தாங்கலிலும் கண்ணாடி வைத்திருப்பதும் இந்தப் பாடத்தையே சொல்கிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் தரித்து, கண்ணாடி முன் நிற்பவன் காண்பது தன்னையே. இறைவன் தனக்குள் இருக்கிறான் என்று அறிந்தவனுக்குள் பேய் குடியிருக்க இடம் எது?

எச்சரிக்கை வேறு, பயம் வேறு

முன்னோரை ஏளனம் செய்வது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல. இரவில் சதுப்புக்குப் போகாதே என்று சொன்னதில் நல்ல காரணம் இருந்தது. சேறு ஆழமானது, பாம்பு உண்டு, கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. வேலி கட்ட முடியாத இடத்தில் பாட்டிமார் கதையை வேலியாகக் கட்டினார்கள். அந்த வேலியைக் காட்டி ஒருவன் காசு வாங்கத் தொடங்கும்போதுதான் எச்சரிக்கை பயமாக மாறுகிறது. எச்சரிக்கை காலைக் காக்கும். பயம் அறிவைக் கட்டிப்போடும்.

கோடியக்கரையில் இரண்டு வெளிச்சம் உண்டு. ஒன்று சதுப்பில் தோன்றி மறைவது. மற்றொன்று கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்தது. ஆங்கிலேயர் அமைத்த விளக்கமும் அங்கே உண்டு. சதுப்பு வெளிச்சம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், பின்தொடர்ந்தவன் சேற்றில் நிற்பான். கலங்கரை வெளிச்சம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதை நம்பி வந்தவன் கரை சேர்வான். இன்று ஒரு பரிகாரம், நாளை ஒரு பலி என்று மாறி மாறிக் காட்டுகிறவன் எந்த வெளிச்சம் என்று மக்கள் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

வீட்டில் கடைப்பிடிக்க

1. பிள்ளைகளை அடக்கப் பூச்சாண்டி, பேய் என்று பயமுறுத்தக் கூடாது. ஆபத்து எதுவோ அதன் பெயரைச் சொல்லியே எச்சரிக்க வேண்டும்.
2. இரவில் ஓசை கேட்டுப் பிள்ளை அஞ்சினால், விளக்கை எடுத்துக்கொண்டு கூடப் போய், அது எதன் ஓசை என்று காட்ட வேண்டும்.
3. நோய்க்கு முதலில் மருத்துவர். அய்யாவின் பதமும் திருநாமமும் மனத்துக்குத் துணை. மருத்துவத்தைத் தள்ளிப்போட அவை காரணம் ஆகக் கூடாது.
4. "பேய் பிடித்தவள்" என்று யாரையும் ஒதுக்கக் கூடாது. பணிவிடை நாளில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்னதர்மத்தில் கூடவே உண்ண வேண்டும்.

சிந்திக்க

1. கோடியக்கரைக் கொள்ளிவாயும் வங்காளத்து ஆலேயாவும் ஒத்திருப்பது ஏன்?
2. உங்கள் ஊரில் பேய் இருப்பதாகச் சொல்லும் இடம் எது? அந்தக் கதைக்குள் இருக்கும் உண்மையான எச்சரிக்கை எது?
3. பேய்ப்பயத்துக்காகக் குடும்பங்கள் இதுவரை செலவிட்ட காசு தர்மத்துக்குப் போயிருந்தால், எத்தனை பேருக்குப் பசி ஆறியிருக்கும்?

அய்யா உண்டு.