நலமான நாயும் அடங்காத கிருமியும்

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் உண்டு. சென்ற கோடையில் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. தங்கையின் காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் இரண்டு மீதி இருந்தன. அவற்றைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தேன். இரண்டு நாளில் மணி துள்ளிக் குதித்தது. நானும் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன். நுண்ணுயிரியல் பாடம் படித்த பின்னரே செய்த பிழை விளங்கிற்று.

நம் குடலைப் போலவே நாயின் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் மருத்துவர் விவரித்த ஈ. கோலி அவற்றுள் ஒன்று. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஏற்ற சூழலில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பெருகும். அக்கூட்டத்தில் ஏதோ சில, மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பெற்றிருக்கலாம். மருந்து உள்ளே சென்றதும் அடங்கியவை மடிகின்றன. அடங்காதவை காலியான இடத்தில் செழிக்கின்றன. நெல்லைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவைத்த வயலின் கதைதான்! பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவு மருந்து கிருமியை எதிர்க்கப் பழக்கிவிடும் என்று 1945-லேயே தம் நோபல் உரையில் எச்சரித்தார்.

இன்னொரு விந்தையும் உண்டு. எதிர்க்கும் மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் உள்ளன. ஒரு பாக்டீரியா அவ்வளையத்தின் நகலை வேற்றினப் பாக்டீரியாவுக்கும் வழங்கவல்லது. ஈ. கோலிக்கும் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவுக்கும் இடையே இத்திறன் கைமாறுவதை 1959-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். எனவே தீங்கற்ற ஒன்றிடம் உள்ள ஆயுதம் கொடியதொன்றின் கைக்குப் போகலாம்.

இவற்றைச் சுமக்கும் நாய்க்கு நோய்க்குறி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அதன் மலத்தாலும், நக்குதலாலும், கழுவாத நம் கையாலும் அவை பரவலாம். நம்மிடமிருந்து நாய்க்கும் செல்லலாம்.

இது வெறும் அச்சமன்று. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் 18 மாநிலங்களில், பல மருந்துகளுக்கு அடங்காத காம்பிலோபாக்டர் தொற்றுப் பரவலில் 118 பேர் பாதிக்கப்பட்டனர். கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது. ஆராயப்பட்ட 149 குட்டிகளுள் 142 ஆன்டிபயாடிக் பெற்றிருந்தன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை நோய்க்காக அன்றி, நோய் வராதிருக்கவே மருந்து பெற்றவை.

ஆகவே நாயைத் துரத்த வேண்டுமா? வேண்டாம், நண்பர்களே. கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கொடாதிருப்போம். சொன்னால், சொன்ன அளவும் நாளும் தவறாது கொடுப்போம். நாயைத் தொட்டபின்னும் மலத்தை அகற்றியபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுவோம். மீந்த மாத்திரையைப் பிறருக்கும் பிராணிக்கும் தாராதிருப்போம்.

மணியின் வயிற்றுப்போக்கு மருந்தின்றியே நின்றிருக்கக்கூடும். அதன் குடலில் நான் எதை வளர்த்துவிட்டேனோ, அறியேன். அது இன்றும் வாலைக் குழைத்துக்கொண்டு என் கையை நக்க வருகிறது. நான் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, நேரே குழாயடிக்குச் செல்கிறேன்.