பேரப்பிள்ளை பாதியில் விட்டுவிடாமல் இருக்க

உங்கள் பேரப்பிள்ளை பள்ளியிலோ இணையத்திலோ மனநலப் பயிற்சி ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்கிறார். கைத்தொலைபேசியில் மூச்சுப் பயிற்சி செய்கிறார், அன்றைய மனநிலையைப் பதிவு செய்கிறார். முதல் வாரம் இருந்த ஆர்வம் அடுத்த வாரம் இருப்பதில்லை. இது சோம்பல் அல்ல. இணையவழிப் பயிற்சிகளைப் பெரியவர்களும் பாதியில் நிறுத்திவிடுவதுண்டு. அக்கறையோடு விசாரிக்க ஒருவர் இருந்தால் தொடர்வது எளிது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைண்ட்லைன் இணையத்தளத்தை இலவசமாக, பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. தனிமை கொடுங்கள். பெயர் தெரியாது என்பதால்தான் இளையர் பலர் அங்கு மனம் திறக்கிறார்கள். எட்டிப் பார்க்காதீர்கள், "என்ன எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். இருவருக்கும் ஒரே அறை என்றால், அந்தச் சில நிமிடங்கள் கூடத்தில் உட்காருங்கள்.

2. நேரத்தை அவரே முடிவு செய்யட்டும். பத்து நிமிடம் போதும். இரவு உணவுக்குப் பின், குளித்த பின் என அன்றாடப் பழக்கம் ஒன்றோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

3. கற்றுக்கொள்ளுங்கள். "எனக்கும் அந்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். கற்றுக்கொடுப்பவருக்கும் ஆர்வம் கூடும்.

4. விட்டுப்போனால் திட்டாதீர்கள். "எந்நேரமும் போன்தான்" என்பதற்குப் பதில், "பரவாயில்லை, இன்று தொடரலாமே" என்று சொல்லுங்கள். அந்தப் பயிற்சி பிடிக்கவில்லை என்றால் வேறொன்றை முயன்று பார்க்கட்டும்.

இணையம் மட்டும் போதாதபோது

சோகம், தூக்கமின்மை, பசியின்மை, நண்பர்களைத் தவிர்ப்பது போன்றவை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால், அவருடைய பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்ப்பது நல்லது.

"வாழவே பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால், "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டாலும் அதை மறைக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். உடனே உதவி நாடுங்கள்:

• தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவை: 1771 (24 மணி நேரம்)
• சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767 (24 மணி நேரம்)
• உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 995

இன்று மாலை பேரப்பிள்ளை வீடு திரும்பியதும், தேர்வு மதிப்பெண்களைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இன்று மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராவிட்டாலும், நாளையும் கேளுங்கள்.